வெயிலில் காய்ந்த பற்றரியும் விழுந்துகொண்டிருந்த கட்டைகளும்

சென்ற ஆவணி விடுமுறையின்போது வீட்டிலிருந்த பழைய இரும்புப் பெட்டியைத் துப்புரவு செய்தோம். பாடக் குறிப்புகளுக்கும் மங்கிய சான்றிதழ்களுக்கும் அடியில், உள்ளங்கையளவான சாம்பல்நிற விளையாட்டுக் கருவியொன்று அகப்பட்டது. எமது இளைய மகன் அதனை ஆவலோடு வாங்கி, அதன் சிறு கண்ணாடியை விரலாலே தேய்த்துப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. "இது பழுதோ, அப்பா?" என்று கேட்டான். "பழுதில்லை மகனே, பற்றரி இல்லை" என்றோம். சொன்ன பின்னரே நினைவு வந்தது: இதே கருவியைக் குறித்து இதே விடையை, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எமது அம்மா எமக்கு எத்தனையோ தடவை கூறியிருக்கிறார்.

எமது தந்தையர் தம் இளமையை நினைத்தால் கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் போளையடியும் அவர்தம் நினைவுக்கு வரும். எம் வயதினர் நினைக்கும்போதோ, அவற்றோடு மின்னுந் திரையொன்றும் கீச்சென்னும் ஒலியொன்றும் சேர்ந்துகொள்கின்றன. இழந்ததை எண்ணி உருகும் இவ்வுணர்வை மேனாட்டார் 'நொஸ்ரால்ஜியா' என்பர். 1688ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் யொகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தமது ஆய்வேட்டில் ஆக்கிய சொல் அது. வீடு திரும்புதல், நோவு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை அவர் ஒன்றாக இணைத்தார். அன்று அது ஊரைப் பிரிந்தவர்க்கு வரும் ஒரு நோயின் பெயர். காலத்தைப் பிரிந்தவர்க்கு அது உரியதானது பிற்காலத்திலேயே. ஊரையும் காலத்தையும் ஒருங்கே பிரிந்த எம்மவர் பலர்க்கு அச்சொல்லின் இரு பொருளும் பொருந்துவனவாகும்.

இக்கருவிகளின் வரலாறு சுவையானது. யப்பானின் கியோற்றோ நகரிலே 1889ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நின்டென்டோ நிறுவனம், முதலில் செய்து விற்றவை பூக்கள் தீட்டிய விளையாட்டுச் சீட்டுக்களே. 1965ஆம் ஆண்டில் அங்கே சீட்டு அச்சிடும் பொறிகளைப் பராமரிக்கும் பணிக்குச் சேர்ந்தவர் குன்பெய் யொக்கோய் என்பவர். புகைவண்டியிலே பயணி ஒருவர் பொழுது போகாமற் கணிப்பொறியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டே, சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டொன்றைச் செய்யும் எண்ணம் இவருக்கு உதித்தது என்பர். 1980ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் 'கேம் அன் வோச்' என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. நேரமுங் காட்டி விளையாட்டுங் காட்டிய சிறு கருவி அது.

1983ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆந் திகதி, அதே நிறுவனம் 'ஃபமிகொம்' என்னும் கருவியை 14,800 யென் விலைக்கு யப்பானில் விற்பனைக்கு விட்டது. தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி, விளையாட்டு அடங்கிய கசெற்றை அதன் தலையிற் செருகி ஆடுவது அதன் முறை. இதனை வடிவமைத்த மசயுக்கி உயெமுரா 2021ஆம் ஆண்டிற் காலமானார். உலகெங்கும் அக்கருவி ஏறத்தாழ 6 கோடியே 19 இலட்சம் விற்றது. 1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அதற்கென வெளிவந்த 'சுப்பர் மாரியோ' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியிருந்தது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் நிழற்படமொன்று இதனினும் பன்மடங்கு பெரிது. இடம் போதாமையால், வானத்து மேகத்துக்கும் நிலத்துப் புதருக்கும் ஒரே உருவத்தையே வைத்து, நிறத்தை மாத்திரம் மாற்றினர். அக்காலத்திற் கோடிக்கணக்கான பிள்ளைகள் அதனைப் பார்த்தனர். எவருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை. வறுமையிற் செம்மை என்பது கருவிகளுக்கும் உண்டு போலும்.

1984ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரிலே, சோவியத்து விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்திற் பணியாற்றிய அலெக்சி பஜித்னொவ் என்பவர், ரெற்றிஸ் விளையாட்டை ஆக்கினார். நான்கு நான்கு சதுரங்களாலான ஏழு வகைக் கட்டைகள் மேலிருந்து விழும். இடைவெளியின்றி அடுக்கினால் வரிசை மறையும். அடுக்கத் தவறினால் குவியல் உயர்ந்து ஆட்டம் முடியும். இவ்வளவே அதன் இலக்கணம். இதனை ஆக்கியவர்க்கோ, 1996ஆம் ஆண்டளவிலேதான் உரிமைப்பணம் கிடைக்கலாயிற்று. 1989ஆம் ஆண்டில் யொக்கோய் குழுவினர் ஆக்கிய 'கேம் போய்' என்னுங் கைக்கருவியோடு இவ்விளையாட்டு வீடுதோறும் புகுந்தது. அக்காலத்திலேயே வண்ணத் திரையுடைய போட்டிக் கருவிகள் இருந்தன. ஆயினும் அவை ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்திற் குடித்துத் தீர்த்தன. யொக்கோய், நன்கு பழகிய மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துவதே அறிவு என்னுங் கொள்கையினர். அவருடைய மங்கிய பச்சைத் திரை நான்கு பற்றரிகளில் நெடுநேரம் உழைத்தது, வென்றதும் அதுவே. வளைகுடாப் போரின்போது தீயிற் கருகிய கேம் போய் ஒன்று, உறை உருகிய நிலையிலும் ரெற்றிஸை ஓட்டிக்கொண்டு, நியூயோர்க் நகரிலுள்ள கடையொன்றிலே பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது.

போர், பற்றரி என்னும் இவ்விரு சொற்களையும் சேர்த்துக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எம்மனோர்க்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் வரவில்லை. கொண்டுவரக் கூடாதென விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலிற் பற்றரியும் ஒன்றாயிருந்தது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 1994ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கிளாலிக் கடலைப் படகிற் கடந்து வந்த மாமா ஒருவர், கொழும்பிலிருந்து எமக்கு ஒரு 'பிறிக் கேம்' கொண்டுவந்தார். பத்துக்கு இருபதாக 200 சதுரங்கள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. ரெற்றிஸின் பேரில்லாப் பிள்ளை. பெட்டியின்மேல் 9999 விளையாட்டுகள் என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தால் சிலவே தேறின. ஏனையவை அவற்றின் வேக மாற்றங்களே. இவ்வளவும் இருந்தும், அதற்குள் இருக்கவேண்டிய இரு பற்றரிகள் மாத்திரம் வழியிலேயே நின்றுவிட்டன.

பின்னர் எங்கிருந்தோ இரு பழம் பற்றரிகள் கிடைத்தன. அவற்றைக் காலையில் முற்றத்து வெயிலிற் காயவைப்போம். வெயில் ஏறிய பற்றரி சிறிது நேரம் உயிர்பெறும்; அந்தச் சிறிது நேரமே எமது விளையாட்டு நேரம். எமக்கு அப்போது வயது பன்னிரண்டு; அண்ணருக்குப் பதினைந்து. ஒருவர் ஆட, மற்றவர் தோளுக்கு மேலாற் பார்ப்பது வழக்கம். தோற்றவுடன் கருவி கைமாறும். அண்ணர் ஆடும்போது அவருடைய நெற்றியிலே ஒரு சுருக்கு விழும். நீட்டுக்கட்டை வருமென்று ஓரத்தில் ஒரு வரிசையைத் திறந்து வைத்துக்கொண்டு, அது வரும்வரை அவர் காத்திருக்கும் பொறுமையை இன்றும் மறக்கிலோம். அவர் எடுத்த உச்சப் புள்ளியை எம்மால் ஒருபோதும் எட்ட இயலவில்லை. அப்புள்ளி கருவியின் நினைவில் இருந்தது. பற்றரியைக் கழற்றினால் மறைந்துவிடும். ஆகையால், நல்ல பற்றரிகள் கிடைத்த பின்னர் அவற்றை எவரும் கழற்றக்கூடாதென்பது எமக்குள் எழுதாச் சட்டமாயிற்று.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். நாவற்குழிப் பாலத்துக்குச் செல்லும் வீதியிலே, மழையில், ஒருவர்பின் ஒருவராக அடிவைத்து இரவு முழுவதும் நகர்ந்தோம். அப்பாச்சியாருக்குக் கண் பார்வை குன்றியிருந்தது. அப்பாவின் கையிலிருந்த பேனா ரோச்சு பாதி வழியில் மங்கி அணைந்தது. அண்ணர் ஒன்றும் பேசாமல் எமது பையைத் திறந்து, பிறிக் கேமை எடுத்து, அதன் முதுகுப்புறத்து மூடியைக் கழற்றினார். "அண்ணா, உங்கடை புள்ளி!" என்று நாம் கூவினோம். "அது பிறகு அடிக்கலாம்" என்றார். இரு பற்றரிகளும் ரோச்சுக்குள் ஏறின. அப்பாச்சியார் காலடியைக் கண்டு நடந்தார்.

பிறகு அவர் அடிக்கவில்லை. 1997ஆம் ஆண்டில் அண்ணர் கனடாவுக்குச் சென்றார். கருவி எம்மிடம் எஞ்சியது. அதன்பின் கொழும்பு, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலே ஃபமிகொமின் போலியான 'ரி.வி. கேம்' கருவியைக் கண்டோம். படம் தெரியாவிடிற் கசெற்றின் வாயில் ஊதிவிட்டுச் செருகுவார்கள். ஊதுவதால் நன்மையில்லை, எச்சிலின் ஈரம் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். எடுத்துத் திரும்பச் செருகுவதே பயன் தந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். மாரியோவையும் அங்கேதான் முதன்முதலிற் சந்தித்தோம். ஆயினும் அந்த வண்ணத் திரையின் முன்னிருந்தபோதும், எமது தோளுக்கு மேலாற் பார்க்க ஒருவர் இல்லையே என்ற குறை தீரவில்லை.

பழைய விளையாட்டுகளை எண்ணி ஏங்குவோரைப் பார்த்துச் சிலர் நகைப்பர். போர்க்கால இளமையை நினைத்து உருகுதல் தகுமோ என்றுங் கேட்பர். கேள்வி நியாயமானதே. அந்தக் காலம் மீண்டும் வரவேண்டுமென்று எமக்கு எள்ளளவும் விருப்பமில்லை. நாம் ஏங்குவது காலத்துக்காகவன்று. அக்காலத்தில் எம்மருகே இருந்தவர்க்காகவே. கருவி அவ்விருப்பை நினைவூட்டும் ஒரு கைப்பிடி, அவ்வளவே. இன்றைய பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும்போது, 'எமது காலத்து விளையாட்டே விளையாட்டு' என்று சொல்லுதல் பெற்றோர்க்கு அழகன்று. அவர்களருகே அமர்ந்து அரை நாழிகை பார்த்திருத்தல் அதனினும் மேலானது. நாளை அவர்கள் நினைக்கப்போவது திரையையன்று; அருகிருந்த தோளையே.

மற்றொன்றையுஞ் சொல்லல் வேண்டும். இவ்விளையாட்டுகள் வேகமாக மறைந்துவருகின்றன. 2010ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என, வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிலையம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் நின்டென்டோவின் இரு பழைய கருவிகளுக்கான இணையக் கடைகளும் மூடப்பட்டன. 'செல்டா' போன்ற விளையாட்டுகளின் கசெற்றுக்குள்ளே சிறு பற்றரியொன்று இருந்து, ஆடியவரின் முன்னேற்றத்தைக் காத்துவந்தது. அப்பற்றரிகளும் ஒவ்வொன்றாகத் தீர்கின்றன. அவற்றோடு யாரோ ஒரு சிறுவனின் கோடை விடுமுறையும் அழிகின்றது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்கு இழந்த மக்களாகிய எமக்கு, காத்துவையாத பொருள் என்னாகும் என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. நூலுக்கும் விளையாட்டுக்கும் தராதரம் வேறாகலாம். இழப்பின் இயல்போ ஒன்றே.

இரும்புப் பெட்டியிற் கண்ட கருவிக்கு அன்று மாலையே கடைக்குச் சென்று இரு பற்றரிகள் வாங்கிவந்தோம். கீச்சென்று ஒலித்துத் திரை விழித்தது. ஓரத்துச் சதுரங்கள் சில இறந்திருந்தன, ஏனையவை நலம். வீடியோ அழைப்பில் ரொறன்ரோவிலிருந்த அண்ணரை அழைத்துக் காட்டினோம். நரைத்த தலையை அவர் திரைக்கு மிக அருகே கொண்டுவந்து நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "நான் அடிச்ச புள்ளி எவ்வளவெண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார். நாம் ஓர் எண்ணைச் சொன்னோம்; அவர் வேறோர் எண்ணைச் சொன்னார். தீர்ப்பளிக்க வேண்டிய கருவியோ பூச்சியத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

மகன் ஆடத் தொடங்கினான். "ஓரத்தை அடைக்காதை தம்பி, நீட்டுக்கட்டைக்கு இடம் விடு. அது வரும், பொறுத்திரு" என்று கடலுக்கு அப்பாலிருந்து பெரியப்பாவின் குரல் வழிகாட்டியது. அண்ணரின் நெற்றியிலே அதே சுருக்கு விழுந்திருந்ததைக் கண்டோம்.

ஆட்டம் முடிந்து கருவியைத் திரும்பவும் பெட்டியில் வைக்க முனைந்தபோது, பற்றரியைக் கழற்றக் கை சென்றது. நெடுங்காலம் உள்ளே கிடந்தாற் பற்றரி கசிந்து கருவியை அரித்துவிடும் என்பது எமக்குத் தெரியும். "கழற்றாதேங்கோ அப்பா, என்ரை புள்ளி போயிடும்" என்றான் மகன். சிறிது யோசித்தோம். பின்னர் அவனுடைய புள்ளியை அவனுடைய பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில், திகதியோடு, அவன் கையாலேயே எழுதுவித்தோம். கருவியைப் பெட்டியில் வைக்கவில்லை. இப்போது அது மேசைமேல், பற்றரியோடு இருக்கின்றது.