ஒளிக்குத் தெரியாத கலவை

குழந்தைகளே, ஒரு கல்கண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒளி ஊடுருவும். அதையே பொடித்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். இனிப்பு மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி வளைந்து, தெறித்து, நாலாபக்கமும் சிதறுகிறது.

லென்ஸ் செய்பவர்களுக்கு இந்தச் சிதறல்தான் பெரிய தடை. கண்ணாடியில் சுலபமாகக் கீறல் விழாது. ஆனால் கனம், விழுந்தால் உடையும். பிளாஸ்டிக் லேசானது, ஆனால் கீறல் விழும். இரண்டையும் சேர்க்கலாமே என்று கண்ணாடிப் பொடியைப் பிளாஸ்டிக்கில் கலந்தால், பெரும்பாலும் கலங்கிப்போகும்.

அப்படியானால் துகளைச் சிறிதாக்க வேண்டும். எவ்வளவு சிறிதாக? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். துகள் அந்த அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறுத்துவிட்டால் சிதறல் வெகுவாகக் குறையும். அவ்வளவு நைசாக அரைப்பது பெரும்பாடு. அதனால் வேதியியலாளர்கள் அரைப்பதை விட்டுவிட்டு, திரவத்திலேயே கண்ணாடியை வளர்க்கிறார்கள்!

சிலிக்கான் அணுவுக்கு நான்கு கைகள். இதற்கென்றே உருவாக்கிய மூலக்கூறுகளில், தண்ணீர் சேர்ந்ததும் மூன்று கைகள் விடுபட்டு, ஆக்சிஜன் வழியாகப் பக்கத்துச் சிலிக்கானைப் பற்றிக்கொள்ளும். கண்ணாடியை உருக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இங்கே உலையே இல்லாமல் கண்ணாடி வலை பின்னப்படுகிறது. நான்காவது கை கார்பனை விடாமல் பிடித்திருக்கும். புற ஊதா ஒளியைக் காட்டினால் அந்தக் கார்பன் பகுதிகள் ஒன்றோடொன்று கோத்து, பிளாஸ்டிக் வலையாகும். இரண்டு வலைகளும் மூலக்கூறு அளவிலேயே பின்னியிருப்பதால், ஒளி சிதறுவதற்கு விளிம்பே கிடைக்காது.

பிரெஞ்சு வேதியியலாளர் எபெல்மன் 1846-லேயே, சிலிக்கான் சேர்ந்த ஒரு திரவம் ஈரக்காற்றில் மெல்ல மெல்லக் கண்ணாடிபோல் இறுகுவதைக் கண்டு எழுதினார். ஆனால் வெறும் கண்ணாடி வலை காயும்போது சுருங்கி வெடித்துவிடும். கார்பன் சேர்ந்தால் வலை சற்று வளைந்துகொடுக்கும், வெடிப்பு குறையும். இந்த வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இத்தகைய பொருளுக்கு ஆர்மோசர் என்று பெயர். அச்சில் ஊற்றி, புற ஊதா விளக்கைக் காட்டியே அதில் மிகச் சிறிய லென்ஸ்களைச் செய்துவிடலாம்.

மூக்குக்கண்ணாடிகளின் பிளாஸ்டிக் லென்ஸ்கள் பலவற்றின் மேலும் இப்படிப்பட்ட கலப்புப் பூச்சு உண்டு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆகவே நீங்கள் கண்ணாடி அணிபவரானால், தூசியோடு சட்டை நுனியில் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள்.