ஆல்பமே அடையாளம்

ஜவ்வாது மலையின் பனியையும் அருவியையும் இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் படம் எடுத்துவிடலாம். அப்படியானால், போட்டோ எடுப்பதையே ஜீவனமாகக் கொண்டவருக்கு என்ன தனிச்சிறப்பு? நன்கு அச்சிட்ட ஆல்பம்தான் என்போம்.

அத்தாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். அம்மலைக்கு மேற்கே ராயக்கோட்டை இருக்கிறது. 1856-இல் சென்னை மாகாண சர்க்காரின் போட்டோகிராபராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், அக்கோட்டையைப் படம் எடுத்தார். மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைக் காட்சிகளுடன் அதையும் 1858-இல் ஆல்பங்களாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக இணைத்தார். இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கவர்னர் டிரெவெல்யன் அந்த இலாகாவையே மூடிவிட்டார். இலாகா போயிற்று, ஆல்பங்கள் லண்டனில் இன்றும் இருக்கின்றன. டிரைப்பின் பெயரும் அவற்றால்தான் நிலைத்தது.

இக்காலத்து ஆல்பத்துக்கு அமிலமற்ற கனத்த காகிதம், எளிதில் மங்காத மை, விரித்தால் தட்டையாகக் கிடக்கும் கட்டு, மலை ஈரம் புகாத பெட்டி ஆகிய நான்கும் அவசியம். ஆயிரம் படங்களை அடைப்பது பெரிதன்று. ஐம்பதைப் பொறுக்கி, பார்ப்பவர் கதைபோல் தொடர்ந்து செல்லும்படி வரிசைப்படுத்துவதே தொழில் நுட்பம். இத்தகைய மாதிரி ஆல்பம் ஒன்றைக் கையில் கொடுத்தால், கூலி ஏன் அதிகம் என்று வாடிக்கைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

இல்லத்தாரும் இச்செலவுக்குத் தயங்கலாகாது. கைப்பேசி பழுதானால் பாட்டியின் முகமும் அதனுடன் போய்விடக்கூடும். ஆல்பத்தில் இருந்தால் பேரன் பேத்திகளும் கண்டு மகிழலாமன்றோ?