வெறுங்கையோடு ஊர் திரும்பத் தயங்கியவர்கள்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டப்ளின் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், சிட்னியிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்திறங்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கட்டிக்கொண்டு அழும் காட்சி, அயர்லாந்துத் தொலைக்காட்சிகளில் ஆண்டுதோறும் செய்தியாகவும், வணிக விளம்பரங்களுக்கு வற்றாத கருப்பொருளாகவும் ஆகிவிட்டது. அந்தக் காட்சி பொய்யன்று. ஆனால் ஊர் திரும்ப முடிந்தவர்களை மட்டுமே அது காட்டுகிறது. கிறிஸ்துமஸ் காலத்து ஊர் ஏக்கம் அயர்லாந்தினரிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது என்பதும், அவ்வேக்கத்தைச் சுமந்தபடி வராமலே போனவர்கள் பலர் என்பதும், அவர்களைத் தடுத்தது பல சமயம் தொலைவன்று, வெட்கமே என்பதும் இவ்விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை.

அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிந்தைய பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்காவுக்குக் கப்பலேறுவது பெரும்பாலோருக்கு மீளாப் பயணமாகவே இருந்ததால், புறப்படுவதற்கு முந்தைய இரவில் உற்றாரும் அயலாரும் கூடி, விடியும்வரை ஆடியும் பாடியும் அழுதும் விடைகொடுத்தனர். இறந்தவரின் உடலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் 'வேக்' என்னும் சடங்கின் பெயரைத் தழுவி, இது 'அமெரிக்கன் வேக்' எனப்பட்டது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது அதன் வழியே முதலில் நுழைந்தவர், கார்க் பகுதியைச் சேர்ந்த 17 வயதுப் பெண். தம்பியர் இருவருடன் 1891 டிசம்பர் 20 அன்று, இன்று கோவ் எனப்படும் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் கப்பலேறிய அவருக்கு, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நடுக்கடலில் கழிந்தது.

இவ்வாறு சென்றவர்களிடமிருந்து ஊருக்கு வந்தது, பணம் வைத்து அனுப்பப்படும் 'அமெரிக்கக் கடிதம்'. கிறிஸ்துமஸை ஒட்டி இக்கடிதம் வந்தே தீரும் என்று வீட்டார் காத்திருந்தனர். நிலக் குத்தகை பாக்கியும் கடைக்கடனும் அப்பணத்தால் அடைபட்டன, அடுத்துச் செல்லவிருந்த தம்பி தங்கையரின் கப்பல் கட்டணமும் அதிலிருந்தே சேர்ந்தது. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் இதில் கணிசமான பங்கை அனுப்பினர். பண்டிகை நாளில் பிள்ளையை நினைப்பதும் பிள்ளை பணம் அனுப்புவதும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால், அனுப்ப வழியில்லாதவர் சிலர் கடிதம் எழுதுவதையே விட்டுவிட்டனர்.

இந்தக் கணக்கு மிகக் கொடுமையாகத் தாக்கியது 1950களில் பிரிட்டன் சென்ற தலைமுறையைத்தான். அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் வெளியேற, அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 1961 இல் சுமார் 28 லட்சமாகச் சுருங்கியது. லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறி, வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில் அஞ்சல் கப்பலுக்கு மாறினால் மறுநாள் அயர்லாந்து மண்ணை மிதித்துவிடலாம். எனினும் புதிய கோட்டும் பை நிறையப் பணமுமாக வந்து, ஊர் மதுக்கடையில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் குறுகிய கடலை அகலமாக்கியது. கட்டுமானத் தொழிலில், வரியோ காப்பீட்டுச் சந்தாவோ பிடிக்காமல் கூலியை ரொக்கமாகக் கையில் கொடுக்கும் 'லம்ப்' முறையில் வேலை பார்த்தவர்களுக்கு, பிற்காலத்தில் முழு ஓய்வூதியமும் இல்லாமற்போனது. மதுக்கடையிலேயே கூலி பட்டுவாடா செய்யப்படுவதும் உண்டு என்பதால், சேமிப்பு அங்கேயே கரைந்தது. ஓராண்டு பணமில்லாமல் பயணத்தைத் தள்ளிப்போட்டவர், மறு ஆண்டு காரணம் சொல்லக் கூசித் தள்ளிப்போட, வாடகை அறையிலேயே முதுமை வந்து சேர்ந்தது.

1987 இல் வெளிவந்து, அயர்லாந்து மக்கள் இன்றும் பெரிதும் விரும்பும் 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' என்ற கிறிஸ்துமஸ் பாடல், செல்வம் சேர்த்தவனைப் பற்றியதன்று. குடித்துவிட்டுக் கொட்டடியில் அடைபட்டுக் கிடக்கும் ஒருவனைப் பற்றியது என்பது இங்கு நினைக்கத்தக்கது. விசாக் காலம் கடந்தும் அமெரிக்காவில் தங்கிவிட்டவர்களுக்கோ வெட்கத்தோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால் பத்தாண்டுகள் திரும்ப நுழைய இயலாது என 1996 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், அவர்களுட் பலர் பெற்றோரின் இறுதிச் சடங்குக்குக்கூடச் செல்லத் துணியவில்லை.

மலிவு விமானப் பயணமும் காணொளி அழைப்பும் ஊர் ஏக்கத்தைத் தீர்த்துவிட்டன என்போரும் உளர். இளையோரைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையாகலாம். ஆனால் 1950களில் சென்றவர்களுள் எஞ்சியிருப்போர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பேருந்தும் சுரங்க ரயிலும் ஓடாத லண்டன் கிறிஸ்துமஸ் நாளில், அவர்களுள் தனித்து வாழ்வோர் ஊருக்கு மட்டுமன்றி அடுத்த தெருவிலுள்ள நண்பரிடமும் செல்ல முடியாதவர்கள்.

பிரிட்டனிலிருந்து தாயகத்துக்கு வந்த பணம் 1960களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் கிராமக் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கியது. அதை அனுப்பியவர்களுக்கு இன்று அந்நாடு செலுத்தும் மரியாதை, முதல் பெண் குடியரசுத் தலைவர் 1990 இல் தமது மாளிகையின் சன்னலில் ஏற்றிய விளக்கு போன்ற அடையாளங்களோடு நின்றுவிடலாகாது. புலம்பெயர்ந்தோருக்கென அரசு வழங்கும் நலநிதி பயனுடையதே என்றாலும், அது முதியோரின் வெட்கத்தைப் போக்காது. ஒவ்வோர் ஊரும் தன்னிடமிருந்து சென்று திரும்பாதவர்களின் பெயர்களைத் திரட்டி, உயிரோடிருப்போரைத் தேடிப்பிடித்து, பயணச் செலவையும் ஏற்று அழைக்க வேண்டும். வந்தவரிடம் என்ன சம்பாதித்தாய் என்று கேட்காமலும் இருக்க வேண்டும்.