டோபமைன் போடும் கணக்கு

டோபமைனை ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளைக்குச் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை என்கிறது கோட்பாட்டு நரம்பியல்.

குரங்குகளிடம் கண்டது என்ன?

சுவிட்சர்லாந்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் உள்ள டோபமைன் நியூரான்களின் மின்துடிப்பைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை வேகமாகத் துடித்தன. சாற்றுக்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு சைகை காட்டிப் பழக்கியதும், சைகைக்கே துடித்தன. சாறு வந்தபோது துடிப்பில் மாற்றமில்லை. சைகை காட்டியும் சாறு தராதபோது, அது வரவேண்டிய நேரத்தில் துடிப்பு அடங்கியது.

இந்த வித்தியாசத்தைக் கணக்கிடும் சூத்திரம் எங்கிருந்து வந்தது?

கணினித் துறையிலிருந்து. இயந்திரங்கள் அனுபவத்தால் கற்பதற்காக ரிச்சர்ட் சட்டன் 1988-ல் ஒரு கற்றல் முறையை விளக்கியிருந்தார். ‘இனி எவ்வளவு கிடைக்கும்’ என்று ஒவ்வொரு கணமும் ஒரு கணிப்பு. அடுத்த கணம் கிடைத்ததோடு புதிய கணிப்பைக் கூட்டி, பழைய கணிப்பைக் கழித்தால் மிஞ்சுவது பிழை. அந்தப் பிழையின் அளவுக்கேற்பக் கணிப்பைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். பிழை பூஜ்யமானால் கற்க எதுவும் இல்லை. குரங்குகளின் நியூரான்கள் இதே கணக்கைப் போடுவதை பீட்டர் டயான், ரீட் மாண்டேக் இருவரும் ஷுல்ட்ஸுடன் சேர்ந்து 1997-ல் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினர்.

கற்றல் எங்கே பதிகிறது?

நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸ்களில். சற்று முன் இயங்கிய சினாப்ஸ்களை டோபமைன் எழுச்சி வலுவாக்குகிறது. அதன் சரிவு தளர்த்துகிறது. மொத்த நிலவரம் எந்த சினாப்ஸுக்கும் தெரியாது. சில லட்சம் டோபமைன் நியூரான்கள் பரவலாக அனுப்பும் ஒரே செய்தியை வைத்து, ஒவ்வொன்றும் தன்னளவில் திருத்திக்கொள்கிறது. 2013-ல் எலிகளின் டோபமைன் நியூரான்களை ஒளியால் தூண்டியபோது, வழக்கமாகக் கற்காமல் விடும் சைகையையும் அந்த எலிகள் கற்றுக்கொண்டன. டோபமைன் கற்றலின் காரணமே என்பதற்கு இது வலுவான சான்று.

நமக்கு இதில் என்ன?

கோகைன் போன்ற போதைப்பொருள்கள் எதிர்பார்ப்பைப் பொருட்படுத்தாமல் டோபமைனை நேரடியாக உயர்த்துகின்றன. அப்போது, இக்கோட்பாட்டின்படி, பிழை பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. ‘நினைத்ததைவிட நன்று’ என்ற செய்தி ஒவ்வொரு முறையும் வந்து, போதையின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. போதைக்கு அடிமையானவரை மனஉறுதி இல்லாதவர் என்று ஒதுக்குவது எளிது. அவரது மூளை பொய்யான செய்தியிலிருந்து விதி மாறாமல் கற்றிருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், அவருக்குத் தேவை பழிச்சொல் அல்ல, சிகிச்சை என்பது தெளிவாகும்.