சட்டையில் பூக்கும் உப்பு

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில், உலை எரியும் பட்டறைக்குச் சித்திரையில் புதிதாக வந்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பக்கத்தில் நிற்கும் பழைய ஆளுக்கு வேர்வை இன்னும் அதிகம். ஆனால் சட்டையில் அவ்வளவு உப்பு இருக்காது.

வேர்வையைத் திறந்துவிடுவது நரம்பு. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ரத்தம் சூடேறுவதை உணர்ந்ததுமே நரம்பு வழியாக உத்தரவு போட்டுவிடும். ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். (தரையில் சொட்டிய வேர்வைக்கு இந்தக் கணக்குக் கிடையாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் புழுங்கித் தவிப்பது அதனால்தான்.)

நரம்பு அன்றைய பொழுதை ஓட்டிவிடும். நாளைக்கும் அதற்கு மறுநாளுக்கும் உடம்பைப் பழக்குவதில் ஹார்மோன்களுக்குப் பெரும்பங்கு. சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, உப்பும் நீரும் குறையும்போது ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. வேர்வை வெளியே வரும் குழாயிலேயே அது உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். வாசோபிரசின் என்ற இன்னொரு ஹார்மோன் சிறுநீரில் போகும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மத்தியானம் சிறுநீர் மஞ்சளாக இறங்குவது அதன் கைங்கரியம். இந்தப் பழக்கம் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை புதியவருக்குத்தான் உப்பு மோர் முதலில் போக வேண்டும், வேலையும் பாதியாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஊரில் இருந்துவிட்டு வந்தால் பழைய ஆளும் புதியவர்தான்.

அதே காக்களூரில் ஆவின் பால்பண்ணையும் இருக்கிறது. அங்கே வரும் பாலைத் தரும் எருமையின் பாடு இன்னும் கஷ்டம். பசுவைவிட வேர்வைச் சுரப்பி குறைவு, தோலோ கறுப்பு. குட்டையைத் தேடாமல் என்ன செய்யும்? எருமைக்கும் ஹார்மோன்தான் துணை. உடம்பு எவ்வளவு சக்தியை எரிக்க வேண்டும் என்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய கை உண்டு. குளிரில் அது கூடும், வெயில் நீடித்தால் குறையும். தீனியும் குறைகிறது, அசைபோடும் விலங்கின் வயிற்றில் தீனி நொதிப்பதே ஓர் அடுப்பல்லவா? அந்த அடுப்பு தணிந்தால் பாலும் குறையும். கத்திரியில் சொசைட்டிக்குப் பால் குறைந்தால் கறப்பவரை நொந்துகொள்வதில் நியாயமில்லை. குட்டை வற்றிய ஊரில் முதுகில் தண்ணீர் தெளித்து, பொழுது சாய்ந்த பிறகு தீனி வைத்தால், செரிக்கிற சூடு வெயிலோடு சேராமல் ராத்திரியில் கழியும்.