சுமை இறக்கிய பிக்கப்

அமெரிக்காவின் பழைய வண்டிச் சந்தையில் 1950-ஐ ஒட்டிய செவர்லே 3100 பிக்கப் ஒன்று, புதுப்பித்த நிலையில் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அதன் முகத்தைப் படம் எடுக்கிறாரோ இல்லையோ, சரக்கு ஏற்றும் பின்தொட்டியைக் கட்டாயம் எடுப்பார். வார்னிஷ் பூசிய ஓக் பலகைகள், இடையிடையே முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் ஸ்டீல் பட்டைகள். சாப்பாட்டு மேசை என்று சொல்லி விற்றாலும் போணியாகும்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அங்கே கிடந்தது சாதாரணப் பலகை, பெரும்பாலும் பைன். அதன்மேல் பெயின்ட். சரக்கு வழுக்காது, ஒன்று உடைந்தால் அதை மட்டும் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். பட்டைகளுக்கும் அழகுக்கும் சம்பந்தமே இல்லை. மூட்டையையும் பெட்டியையும் இழுத்துத் தள்ளும்போது பலகை செதில் செதிலாகப் பெயராமல் இருக்க வைத்தவை அவை.

போர் முடிந்து, புது வண்டிக்காக விவசாயிகளும் கடைக்காரர்களும் காத்துக் கிடந்த 1947 கோடையில் இந்த வரிசை சந்தைக்கு வந்தது. அரை டன் வகைக்கு 3100 என்று எண். 1950 வாக்கில் விலை சுமார் 1,200 டாலர். அந்தக் காசுக்குக் கிடைத்ததைப் பார்த்தால் செவர்லே கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்பது தெரியும். பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றே ஒன்று. வெயில் மறைப்பு ஓட்டுநர் பக்கம் மட்டும். ஹீட்டர், ரேடியோ, பளபளக்கும் குரோம் கிரில் எல்லாமே தனிக் காசு. கேபினின் பின்மூலைகளில் வளைந்த கண்ணாடி வேண்டுமானால் அதற்கும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வாங்குபவர் வாய் திறந்து வேறு நிறம் கேட்காவிட்டால், வண்டி கரும்பச்சையில் வந்து நிற்கும். கொரியப் போர்க் காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது இருந்த கொஞ்சம் குரோமும் போய், பெயின்ட் அடித்த சக்கர மூடிகளே மிஞ்சின.

இன்று விலைக்கு வரும் வண்டியில் இந்தக் கஞ்சத்தனத்தின் சுவடே இருக்காது. குரோம் கிரில், இரண்டு பின்விளக்குகள், ரேடியோ, வெள்ளைப் பட்டை போட்ட டயர், இரட்டை நிறம். மூலைக் கண்ணாடி இருந்தால் விலை கூடும் என்பதால், கண்ணாடி இல்லாமல் பிறந்த கேபினையும் அறுத்து, கண்ணாடி பொருத்திவிடுகிறார்கள். 1950-இல் எந்த விவசாயியும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்க மாட்டார். புதுப்பித்தல் என்று இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் தாராளமாகத்தான் படுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு கூத்தும் நடக்கிறது. உதிர்ந்த பெயின்ட், செம்பழுப்புத் துரு, கதவில் பாதி அழிந்த பண்ணைப் பெயர் என்று உழைத்த அடையாளத்தோடு இருக்கும் வண்டிக்குத் தனி மவுசு உண்டு. உண்மையான பழையது கிடைக்காவிட்டால் செய்துகொள்கிறார்கள். கதவில், என்றுமே இல்லாத ஒரு பெட்ரோல் பங்க் பெயரைப் பழைய பாணி எழுத்தில் எழுதி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மங்கவைக்க ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல கைவேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பளபளக்கும் ஓக் பலகையைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது, இதை முடியவில்லை.

எஞ்சின் விஷயத்தில் இத்தனை கறாராக இருக்க முடியாது. அன்றைய எஞ்சின் ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 3.5 லிட்டர், 90 குதிரைத்திறன். காலால் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். மின்சாரம் 6 வோல்ட். கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முங்கி எழுந்து பேரிங்குக்கு எண்ணெய் வாரிக் கொடுக்கும். பண்ணைக்கும் ஊருக்கும் இடையே மணிக்கு 70 கிலோமீட்டரில் போக அது போதும். பின் ஆக்ஸிலின் கியர் விகிதமும் சுமை இழுக்க வைத்ததே தவிர, ஓட அல்ல. வேக நெடுஞ்சாலைகளை நாடு முழுக்கப் போடுவதற்கான சட்டம் வந்ததே 1956-இல்; அதற்குள் இந்த வரிசையின் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று அந்தச் சாலையில் 110-இல் போகும் வண்டிகளுக்கு நடுவே இதை விடுவது எஞ்சினுக்கும் நல்லதல்ல, ஓட்டுபவருக்கும் நல்லதல்ல. அதனால் பலர் பழைய உடம்புக்குள் புதிய வி8 எஞ்சினையும் டிஸ்க் பிரேக்கையும் ஏசியையும் இறக்குகிறார்கள். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் நடக்கும் பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் இந்த மாதிரி வண்டிகள் லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. அத்தனை பணம் வந்தும், செலவு போக விற்பவர் கையில் ஒன்றும் நிற்காமல் போவதும் உண்டு.

அரிசோனா என்றதும் ஒன்று. அங்கே மழை குறைவு, தகரம் பிழைத்துக் கிடக்கிறது. மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, கேபினின் கீழ்மூலைகளைத் தின்றுவிடும். விவரம் தெரிந்தவர் பளபளப்பைப் பார்க்க மாட்டார், ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு அந்த மூலைகளில் குனிவார். தடிமனாகப் பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

வேலைக்காரன் அலங்காரப் பொருளானது ஒரே நாளில் நடக்கவில்லை. 1955-இலேயே செவர்லே, கேமியோ என்ற பெயரில் பக்கங்களுக்கு ஃபைபர் கிளாஸ் போர்த்தி, காரைப்போல வழுவழுப்பான பிக்கப் ஒன்றை விற்றுப் பார்த்தது. விலை அதிகம் என்பதால் பெரிதாக ஓடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப், கார்களையும் முந்தி நாட்டிலேயே அதிகம் விற்கும் வண்டியாகிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அதையே எடுக்கிறார்கள். பின்சீட்டுக்கு இடம் தேவைப்பட்டது, தொட்டி சுருங்கியது. 3100-இன் தொட்டி ஆறரை அடி நீளம். இன்றைய நான்கு கதவு எஃப்-150 பலவற்றில் ஐந்தரை அடிதான்.

சரி, பழைய 3100-ஐயே வாங்கியாயிற்று. உரமூட்டை வேண்டாம், வாரக் கடைசியில் நாலு செடித்தொட்டியையாவது ஏற்றிவரலாமே என்று தோன்றும். முதலில் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்துவிடுவது நல்லது. சேகரிப்பு வண்டிகளுக்கான பாலிசிகள் மலிவு. விபத்தில் வண்டி முழுதாக அழிந்தால், முன்பே பேசி முடித்த முழு விலையும் கிடைக்கும். அந்தச் சலுகைக்குப் பதிலாக, வண்டியைப் பூட்டிய ஷெட்டில் வைக்க வேண்டும், தினசரி ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ எடுக்கக் கூடாது என்று பெரும்பாலும் நிபந்தனை போடுகிறார்கள்.