வாய்ச்சொல் சலுகையும் எழுத்தில் உள்ள ஒப்பந்தமும்

மதுரை அருகே அலங்காநல்லூர் விவசாயி தன் டிராக்டரிலோ பைக்கிலோ போனால் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் கட்டணம் கிடையாது. அவரே காரில் நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினால் கப்பலூர் டோல்கேட்டிலேயே பாஸ்டேக்கில் பணம் கழியும். எல்லா டோல்கேட்டும் ஒரே மாதிரி அல்ல. சில சாலைகளில் வசூல் முழுவதும் சாலை போட்ட கம்பெனிக்கே போகும். சில இடங்களில் வசூலிப்பதை மட்டும் ஏலத்தில் விட்டிருப்பார்கள். எது எப்படி என்பதும், எத்தனை வருஷம் என்பதும், பராமரிக்காவிட்டால் என்ன தண்டனை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அதில் கையெழுத்திடுவது அரசும் கம்பெனியும். பணம் கட்டுகிற நாம் அதைப் பார்த்தது கூட இல்லை.

கப்பலூர் டோல்கேட் திருமங்கலத்தை ஒட்டியே இருக்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களின் பல வருஷப் புகார். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால்தான் டோல்கேட் அமைய வேண்டும் என்கின்றன. அடுத்தடுத்த டோல்கேட்டுகளுக்கு இடையே 60 கிலோமீட்டர் வேண்டும். இரண்டுக்கும் விதிவிலக்கு உண்டு, ஆனால் பொதுவாக அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்க வேண்டியது அந்தப் பதிவைத்தான். கப்பலூரில் நடந்ததோ வேறு. மறியல், பேச்சுவார்த்தை, உள்ளூர் வண்டிக்கு வாய்மொழிச் சலுகை, பிறகு அது பறிபோவது என்று சுற்றிச் சுற்றி வருகிறது. 2024 ஜூலையில் உள்ளூர் வாகனங்களுக்குப் பாதிக் கட்டணம் என்றதும் மறுபடி போராட்டம் வெடித்தது. வாய்மொழிச் சலுகையை எந்தக் கோர்ட்டிலும் காட்ட முடியாது.

விதியில் எழுதியிருக்கும் சலுகை வேறு. டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்த உபயோகக் காருக்கு மாதாந்திர பாஸ் உண்டு. ஆனால் அதிலும் ஒரு கொக்கி: சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தால் பாஸ் தர மாட்டார்கள். பாஸ்டேக்கில் பணம் இருந்தும் டோல்கேட் கருவி படிக்கவில்லை என்றால், கட்டணமில்லாமல் விட வேண்டும். பூஜ்ஜியத் தொகைக்கு ரசீதும் தர வேண்டும். நம்மூர்க்காரர்கள் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டதும் ரொக்கத்தை நீட்டிவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தை நிறுவனமே மறைத்தால்? திருப்பூரில் இதற்கு விடை கிடைத்தது. அங்கே தொழிற்சாலைகளுக்கும் ஊருக்கும் தண்ணீர் கொடுக்க அரசும் தனியாரும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தன. தகவல் கேட்டு மனு வந்தபோது, நாங்கள் கம்பெனி, தகவல் உரிமைச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது கழகம். 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு அதை ஏற்கவில்லை. அரசின் பணமும் பங்கும் உள்ள, பொதுச் சேவை செய்கிற அமைப்பு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த வருஷம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அவற்றை நம்பிக் கணக்குப் போட்ட தண்ணீர்த் திட்டமே ஆட்டம் கண்டது. வியாபாரம் குறைந்தால் நஷ்டம் யார் தலையில் என்ற வரிதான் இத்தகைய ஒப்பந்தங்களில் முதலில் தேட வேண்டிய வரி.

இரண்டாவதாகத் தேட வேண்டியது முடிவுத் தேதி. டெல்லி–நொய்டா பாலத்தில் கம்பெனிக்கு ஆண்டுக்கு 20 சதவீத லாபம் உறுதி என்று ஒப்பந்தம் இருந்தது. குறைந்தால் பாக்கி திட்டச் செலவில் சேர்ந்தது. வசூலிக்க வசூலிக்க மீட்க வேண்டிய தொகை ஏறியது, முடிவுத் தேதி தள்ளிக்கொண்டே போனது. 2016-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சாலை மோசமாக இருந்தால் கட்டணம் எதற்கு என்ற கேள்வியும் கோர்ட் ஏறிவிட்டது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மதுரை–தூத்துக்குடி சாலையைச் செப்பனிடும் வரை வசூலிக்கத் தடை விதித்தது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், திருச்சூர் அருகே பாலியேக்கரா டோல்கேட் வசூலைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியபோது உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஆக, வழி அடைபடவில்லை. ஆதாரம்தான் பலமாக இருக்க வேண்டும். குழியைத் தேதியுடன் படம் எடுங்கள், ரசீதை வையுங்கள், நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மனுக் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற தொலைபேசி எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

வாடிப்பட்டி–தாமரைப்பட்டி வெளிவட்டச் சாலை அலங்காநல்லூர் பக்கமாகத்தான் போகிறது. அதில் டோல்கேட் எந்த இடத்தில், ஊர் எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், சர்வீஸ் ரோடு எதுவரை, ஒப்பந்த நகல் எங்கே என்று நெடுஞ்சாலை ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். வணிக ரகசியம் என்று சொல்லி மறுத்தால், எந்தப் பக்கம் ரகசியம், மற்ற பக்கங்கள் எங்கே என்று மேல்முறையீட்டில் கேளுங்கள். பகுதியை மறைத்து மீதியைத் தர வேண்டும் என்று சட்டத்தின் 10-ஆம் பிரிவே சொல்கிறது.